“சின்னப்பிள்ளதான, மறந்துருவான்!”

இந்த மாதத்தில் இது நான்காவது பிள்ளை. ஒன்பது வயது. மூன்று மாதமாக வயிற்றுவலி. இரண்டு தடவை ஸ்கேன், ஒரு தடவை எண்டோஸ்கோபி, கோயிலில் மந்திரித்த கயிறு எல்லாம் முடிந்து என்னிடம் வந்தான். அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கிறார் என்பது, பையனை வெளியே உட்காரவைத்துவிட்டு ஆச்சியிடம் தனியாகக் கேட்ட பிறகுதான் வந்தது. “அவன் தூங்கிருவான் டாக்டரம்மா. சின்னப்பிள்ளதான, மறந்துருவான்.”

தூங்க மாட்டான். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பான்.

இந்த ‘மறந்துருவான்’ பேச்சு எனக்கு அலுத்துவிட்டது. ருமேனியாவின் புகாரெஸ்டில், ஆதரவற்றோர் இல்லங்களில் கிடந்த 136 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஆரம்பத்தில் எல்லோரும் மூன்று வயதுக்குள். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி எடுத்தபோது, வீட்டில் வளர்ந்த குழந்தைகளைவிட இவர்களுக்கு, மூளை வளர வளரக் கூடும் ஆல்ஃபா அலைகள் குறைவு. பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்களின் அலைகள், எட்டு வயதில் மற்ற பிள்ளைகளுடையதைப் போலவே இருந்தன. ‘விவரம் தெரியாத வயசு’ என்கிறோமே, அந்த வயதுதான் இது.

சரி, உடனே “இவனுக்கும் இஇஜி எடுத்துப் பார்ப்போமா?” என்று கேட்காதீர்கள். பல பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரியும் வித்தியாசம் அது. வீட்டில் அடிதடியைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு மனச்சோர்வு வரலாம். ஆனால் ஒரு பிள்ளைக்கு அது இருக்கிறதா என்று எந்த ஸ்கேனும் சொல்லாது. (வலிப்பு என்று சந்தேகம் வந்தால் இஇஜி எடுக்க நாங்களே எழுதித் தருவோம்.)

மனச்சோர்வு வந்த பிள்ளை மூலையில் உட்கார்ந்து அழும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். பல பிள்ளைகளிடம் முதலில் தெரிவது எரிச்சல்தான். தொட்டதற்கெல்லாம் கத்தும். விளையாடக் கூப்பிட்டால் போகாது. பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் தலைவலி வரும். இதற்குத் ‘திமிர்’ என்று பெயர் வைத்து நாம் இன்னும் இரண்டு அடி கொடுப்போம்.

இரண்டு வாரம் இப்படியே போனால் கூட்டிக்கொண்டு வாருங்கள். ‘செத்துரலாம் போல இருக்கு’ என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கே வாருங்கள், விளையாட்டுக்குச் சொல்கிறது என்று விடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். பிள்ளைக்கே அடி விழுகிறது என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. பக்கத்து வீட்டுக்காரரும் கூப்பிடலாம்.

அந்தப் பையனுக்கு நான் மாத்திரை எழுதவில்லை. அம்மாவும் அவனும் இப்போது ஆச்சி வீட்டில் இருக்கிறார்கள். போன வாரம் வயிற்றுவலி இரண்டே நாள்தான் வந்ததாம். அப்பாவைக் குடிநிறுத்தச் சிகிச்சைக்கு இரண்டு முறை வரச் சொல்லிவிட்டேன். இன்னும் வரவில்லை.