48216 என்பது எந்த இடம்?

பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருக்கும் ஓர் அண்ணனின் செல்போனில், நாங்கள் நாலு பேர் சேர்ந்து எழுதிய காற்று பார்க்கும் செயலி அடிக்கடி தானாக மூடிக்கொண்டது. "வரைபடத்தைச் சுருக்கினா வெளியே தள்ளிருதுப்பா" என்றார். கையில் கிடைத்த உருப்படியான தகவல் அது ஒன்றுதான். செயலி விழுந்ததும் போன் அனுப்பிய கிராஷ் ரிப்போர்ட்டில், நாங்கள் சேர்த்திருந்த ஒரு வரைபட லைப்ரரியின் (பிறர் எழுதித் தந்த ஆயத்த நிரல் தொகுப்பின்) பெயரும், பக்கத்தில் 00048216 என்ற எண்ணும் மட்டுமே இருந்தன.

அந்த எண் ஒரு முகவரி. லைப்ரரி நினைவகத்தில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் ஏறும் என்பதால், அதன் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டுச் சொல்கிறார்கள். நிரலை எழுதியவர் அதன் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும், அதாவது ஒரு வேலையைச் செய்யும் ஒவ்வொரு துண்டுக்கும், பெயர் வைத்திருப்பார். ஆனால் பிராசஸருக்குப் பெயரெல்லாம் வேண்டாம், முகவரி போதும். எந்த முகவரி எந்தக் கோப்பின் எத்தனையாவது வரி என்ற விவரத்தை, நிரலை பிராசஸரின் மொழிக்கு மாற்றும் கம்பைலர், கேட்டால் மட்டும் தனியே எழுதிவைக்கும். அதுதான் டிபக் சிம்பல். லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் டுவார்ஃப் என்ற வடிவத்தில் இருக்கும், விண்டோஸில் பிடிபி கோப்பாக.

கடலில் ஜிபிஎஸ் காட்டுவதும் வெறும் எண்கள்தானே? அங்கே எந்தப் பார் (கடலடிப் பாறைத்திட்டு) கிடக்கிறது, எங்கே வலை கிழியும் என்பதெல்லாம் படகுக்காரர் குறித்துவைத்த நோட்டில்தான் இருக்கும்.

டிபக் சிம்பல் என்ற இந்த நோட்டு கனமானது. பல நேரம் நிரலைவிடச் சில மடங்கு பெரிது. அதனால் வெளியிடும் முன் 'ஸ்ட்ரிப்' செய்து உரித்துவிடுவார்கள். அதில் தப்பில்லை. உரித்ததைத் தூக்கி எறிவதுதான் தப்பு. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில் லைப்ரரி ஒரு பொதி, சிம்பல்கள் 'டிபிஜிசிம்' என்று பெயர் முடியும் வேறொரு பொதி. இன்னொரு வகையான ஃபெடோராவில் அதே வேலைக்கு 'டிபக்இன்ஃபோ'. தேவைப்படுபவர் மட்டும் இறக்கிக்கொள்ளலாம்.

சரி, எந்த லைப்ரரிக்கு எந்த சிம்பல் என்று எப்படித் தெரியும்? பதிப்பு எண்ணை நம்பினால் மோசம் போவோம். அதே மூல நிரலை வேறு கம்பைலரிலோ வேறு அமைப்புகளோடோ மறுபடி கம்பைல் செய்தால் முகவரிகள் நகர்ந்துவிடும். அப்புறம் சிம்பல் ஒரு பாவமும் அறியாத வரியைக் கைகாட்டும். நாமும் இரண்டு நாள் அதையே முறைத்துக்கொண்டிருப்போம். சிம்பலே இல்லாதிருப்பது இதைவிடத் தேவலை.

இதற்காகத்தான் பில்ட் ஐடி. கம்பைல் செய்த துண்டுகளை ஒரே கோப்பாக இணைக்கும் லிங்கர், தான் உருவாக்கிய கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து பெரும்பாலும் 160 பிட் நீளமுள்ள ஓர் அடையாளத்தைக் கணக்கிட்டு உள்ளேயே பதித்துவிடும். உரித்தாலும் அது போகாது. பிரித்தெடுத்த சிம்பல் கோப்பிலும் அதே அடையாளம் இருக்கும். கிராஷ் ரிப்போர்ட்டில் இது இருந்தால் சரியான ஜோடியைப் பிடித்துவிடலாம். 2019-இல் வந்த டிபக்இன்ஃபோடி என்ற சர்வர் நிரலிடம் பில்ட் ஐடியைக் கொடுத்தால், அதற்குரிய சிம்பலை அதுவே எடுத்துத் தரும்.

எங்களுக்கு லைப்ரரி தந்தவர்கள் சிம்பலைச் சேமித்திருக்கவில்லை. "மறுபடி கம்பைல் செய்து தருகிறோம்" என்றார்கள். தந்ததன் பில்ட் ஐடி பொருந்தவில்லை. கடைசியில் அந்தப் புது லைப்ரரியையே செயலியில் வைத்து வெளியிட்டோம், சிம்பலைப் பத்திரப்படுத்தினோம், அண்ணனிடம் "இன்னொரு தடவை சுருக்கிப் பாருங்கண்ணே" என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே செய்தார்.

இம்முறை வரி எண்ணே வந்துவிட்டது. வரைபடம் சுருங்கும்போது, தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள ஒரு மெல்லிய மணல் திட்டின் ஓரக்கோடு வெறும் இரண்டு புள்ளிகளாகத் தேய்ந்திருக்கிறது. லைப்ரரி இல்லாத மூன்றாவது புள்ளியைத் தேடிப் போயிருக்கிறது.