'ஒழுங்கற்ற' கட்டடமா, 'சீரற்ற' கட்டடமா?

2025 ஆகஸ்ட் 24 காலை மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துச் சிகாமட்டில் 4.1 அளவில் நிலம் ஆடியதிலிருந்து, எங்கள் லாபிஸ் பக்கம் 'ஒழுங்கற்ற கட்டடம்' என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. ஆலயக் கூட்டத்தில் ஒரு துண்டறிக்கையை வாசித்தார்கள்: "ஒழுங்கற்ற கட்டடங்கள் நிலநடுக்கத்தில் அதிகம் சேதமடையும்." தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம மண்டபத்துக்கு எல்லா பெர்மிட்டும் இருக்குங்க, அப்புறம் என்ன?" என்றார். மண்டபமோ 'ட' வடிவம். அறிக்கை எச்சரித்ததே அப்படிப்பட்ட கட்டடத்தைத்தான்.

துண்டறிக்கை 'ஒழுங்கற்ற' என்று பெயர்த்தது 'இர்ரெகுலர்' (irregular) என்ற ஆங்கிலச் சொல்லை. அதன் வேர் லத்தீன் 'ரெகுலா', அதாவது நேர்கோல். நம் 'ஒழுங்கு' ஒழுகுதலோடு உறவுள்ளது. வரிசையும் அதுதான், நடத்தையும் அதுதான், 'சட்டம் ஒழுங்கு' என்னும்போது காவல்துறையும் வந்துவிடுகிறது. அதனால் 'ஒழுங்கற்ற' என்றதும் அனுமதி இல்லாமல் கட்டியது என்றே மனம் போகும்.

வரிசை என்ற பொருளிலும் அது சரிவராது. தோட்டத்து லயத்தைப் பாருங்கள். ஒரே நேராகப் பத்து வீடு, ஒழுங்குக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் யூரோகோட் 8 என்பது நிலநடுக்கம் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான ஐரோப்பிய விதித்தொகுப்பு; மலேசியா 2017இல் தேசியப் பின்னிணைப்பு சேர்த்துக்கொண்ட அந்த விதிப்படி, நீளம் அகலத்தைப்போல் 4 மடங்கைத் தாண்டினால் அது தரைப்படத்தில் சீரான கட்டடம் ஆகாது. ஒழுங்காக இருக்கிறது, சீராக இல்லை!

சிலர் 'சமச்சீரற்ற' என்கிறார்கள். அதுவும் பாதிதான். டவுனில் உள்ள கடைவரிசையில் இடமும் வலமும் அச்சாக ஒன்றுபோல இருக்கும் கட்டடம் உண்டு. கீழே கடைக்காகச் சுவரை எடுத்துவிட்டுத் தூண் மட்டும், மேல்மாடிகளில் செங்கல் சுவர். ஆட்டம் வந்தால் கீழ்த்தளம்தான் முதலில் வளையும். சமச்சீர் இருந்தும் உயரவாக்கில் சீர் இல்லை.

'சீரற்ற' என்பதே பொருந்தும். செய்யுளில் சீர் ஒன்று பிசகினால் ஓசை தட்டும் இல்லையா? 'ட' வடிவத்தின் இரண்டு சிறகுகளும் வெவ்வேறு விதமாக ஆடும், உள்மூலையில் இழுபறி குவியும். எடையின் மையமும், ஆட்டத்தை எதிர்த்து நிற்கும் விறைப்பின் மையமும் விலகி நின்றால் கட்டடமே முறுக்கிக்கொள்ளும். 'சீரற்ற வடிவக் கட்டடம்' என்று முழுசாக எழுதினால் குழப்பமே இல்லை.

அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்து ஒட்டுவது மொழிபெயர்ப்பு ஆகாது. உயிர் சம்பந்தப்பட்ட அறிக்கையில் அப்படிச் செய்வதைப் பொறுக்க முடியவில்லை. கூட்டம் முடிந்ததும் தலைவரிடம், "ஐயா, 'ட' மாதிரி மடங்குற கட்டடத்தைச் சொல்றாங்க" என்றேன். உடனே எழுந்துபோய், இரண்டு சிறகும் சேரும் மூலையை அண்ணாந்து பார்த்தார்.