நோம்பிக்குக் கிளம்பும்போது காது மிசினை பீரோவில் வைக்காதீர்கள்

தீபாவளி, பொங்கல், மாரியம்மன் நோம்பி, வைகாசி முகூர்த்தம் என்று வந்துவிட்டால் நம் கொங்குப் பக்கத்து வீடுகளில் பீரோ திறக்கும். பட்டும் நகையும் வெளியே வரும்; காது மிசின் உள்ளே போகும். ஈரோட்டில் ஆடியாலஜிஸ்டாக (கேள்திறனைச் சோதித்து மிசின் பொருத்துபவராக) இருக்கும் எனக்கு, ஒவ்வொரு நோம்பி முடிந்தும் வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய பதில் இதுதான்: "கூட்டத்துல எங்காச்சும் வுழுந்துருச்சுன்னா என்ன பண்றதுங்க அம்மிணி? அத்தன காசு போட்டு வாங்குனது!"

இன்னொரு காரணத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வரும், காதில் இது என்ன என்று கேட்கும். ஆனால் மிசின் இல்லாமல் போய், சம்பந்தி "நெல்லு அறுத்தாச்சுங்களா?" என்று கேட்டதற்கு "பேரன் பெங்களூர்ல இருக்கானுங்க" என்று பதில் சொன்னால், காது மந்தம் என்பது மண்டபம் முழுக்கத் தெரிந்துவிடும். மிசின் போட்டிருப்பவரை இரண்டு நிமிடம் பார்ப்பார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள்.

வீட்டில் தனியாக உட்கார்ந்து டிவி பார்க்க மிசின் வேண்டும், வருசம் முழுக்கப் பார்க்காத அண்ணன் தம்பிகளோடு பேசும் நாளில் வேண்டாம் என்றால் எதற்காக வாங்கினோம்? போட்டுக்கொண்டு போங்கள். தொலைந்துவிடும் என்ற பயம் நியாயமானதுதான். மிசினையும் சட்டையையும் இணைக்கும் கிளிப் கயிறு கிடைக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குத்தான் அது என்று பெரியவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "பேத்தி கல்யாணம் அடுத்த வாரமுங்க, அதுக்குள்ள மாட்டி வுட்டுருங்க" என்று பலர் வருகிறார்கள். மாட்டிவிடலாம்தான். ஆனால் பல வருசமாகப் பாத்திரம் உரசும் சத்தத்தையும் மின்விசிறி இரைச்சலையும் கேட்காமல் இருந்த மூளைக்கு, எது வேண்டிய சத்தம், எது வேண்டாத சத்தம் என்று பிரித்துப் பழக வாரக்கணக்கில் ஆகும். முதலில் அமைதியான வீட்டில் ஒன்றிரண்டு மணி நேரம், பிறகு வாசலில், அப்புறம் கடைவீதியில் என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். புது மிசினின் முதல் நாளே ஆயிரம் பேர் கூடும் மண்டபமாக இருந்தால், அன்று கழற்றி வைத்ததை அவர் திரும்ப எடுக்கவே மாட்டார். விசேஷத்துக்கு ஒரு மாதமாவது முன்னால் வாங்குங்கள்.

ஏற்கனவே போடுகிறவர்கள் இரண்டு வாரம் முன்பு ஒருமுறை உங்கள் ஆடியாலஜிஸ்டிடம் காட்டி, காதில் அழுக்கு சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். "கூட்டத்துக்கு ஒரு புரோகிராம் வேணும்" என்று கேளுங்கள். பெரும்பாலான டிஜிட்டல் மிசின்களில் அந்த செட்டிங் இருக்கிறது. அதைப் போட்டால் மிசினில் இருக்கும் மைக், முன்னாலிருந்து வரும் பேச்சுக்கு முக்கியத்துவம் தந்து, பின்னாலிருந்து வருவதை அமுக்கும். பட்டனை எத்தனை முறை அழுத்தினால் அது வரும் என்பதை அங்கேயே செய்து பார்த்துவிட்டு வாருங்கள். மண்டபத்தில் போய்த் தேட முடியாது.

இது தெரிந்தால் எங்கே உட்கார வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். மேளமும் ஸ்பீக்கரும் முதுகுப் பக்கம், பேசுகிறவர் முகம் எதிரே. முதல் வரிசையில் உட்கார வைப்பதைத்தான் நாம் மரியாதை என்று நினைக்கிறோம். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பக்கத்தில் ஒரு காது மந்தக்காரரைக் கொண்டுபோய் உட்கார வைப்பது அவருக்குத் தண்டனை. சீர் நடக்கும்போது, மங்கல வாழ்த்துப் பாடும்போது முன்னால் இருக்கட்டும். முடிந்ததும் ஓரத்துக்கு அழைத்து வந்துவிடுங்கள். பந்தியில் வரிசைக் கடைசி இலை நல்லது, நன்றாகக் கேட்கும் காது உள்பக்கம் இருக்கிற மாதிரி. மார்பிள் தரையும் உயரமான கூரையும் உள்ள மண்டபங்களில் எதிரொலி அதிகம், அங்கே எவ்வளவு விலை உயர்ந்த மிசினும் ஓரளவுக்குத்தான் உதவும். மனசு விட்டுப் பேச வேண்டியதை வெளியே பந்தல் நிழலில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேளச் சத்தத்தை மிசின் இன்னும் பெரிதாக்கிக் காதைக் கெடுத்துவிடாதா என்று கேட்பார்கள். பரிசோதித்துச் சரியாகப் பொருத்திய மிசின் மெல்லிய சத்தத்தை அதிகமாகவும், பெரிய சத்தத்தைக் குறைவாகவும் பெருக்கும். ஓர் அளவுக்கு மேல் போகாமல் வரம்பும் வைத்திருப்போம். பரிசோதனையே இல்லாமல் ஆன்லைனில் வாங்கும் சத்தப் பெருக்கிகளுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. நல்ல மிசினாக இருந்தாலும் தப்பட்டை அடிக்கும் இடத்திலோ, வள்ளி கும்மி ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னாலோ மணிக்கணக்கில் நிற்காதீர்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறையும். பத்தடி தள்ளி நின்றவர் இருபதடி தள்ளி நின்றாலே வித்தியாசம் தெரியும்.

வீட்டாருக்குச் சில வார்த்தைகள். அடுப்படியிலிருந்து கத்தாதீர்கள். பக்கத்தில் வந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் திரும்பிப் பார்த்த பிறகு பேசுங்கள். உங்கள் முகத்தில் வெளிச்சம் விழட்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் உதடு தெரியாது. கத்தினால் வார்த்தை சிதையும், நிதானமாகச் சொன்னால் புரியும். ஒருமுறை புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு மாதிரி சொல்லிப் பாருங்கள். "ஒண்ணுமில்ல, வுடுங்க அப்பாரு" என்பதை மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். எல்லாரும் சிரித்த காரணம் தனக்கு மட்டும் தெரியாமல் உட்கார்ந்திருப்பதைப் போல மனிதரை ஒடுக்குவது வேறில்லை. நடுநடுவே அவர் போய்ச் சற்று நேரம் தனியாக உட்கார்ந்தாலும் கோபம் என்று நினைக்காதீர்கள். இரைச்சலில் பேச்சைப் பிரித்துக் கேட்பது களைப்பான வேலை.

இனி தண்ணீரும் எண்ணெயும். தீபாவளி எண்ணெய்க் குளியல், ஆடிப்பெருக்குக்குப் பவானி கூடுதுறை, மாரியம்மன் நோம்பியில் கம்பம் பிடுங்கும் நாளின் மஞ்சள் நீராட்டு, பழநியில் மொட்டை என நம் விசேஷம் எல்லாமே தலையை நனைக்கும் விசேஷம். தலையில் எண்ணெய் வைப்பதற்கு முன்பே மிசினைக் கழற்றி அதன் டப்பாவில் வைத்து, கூட்டத்தோடு குளிக்கப் போகாத ஒருவர் கையில் கொடுங்கள். கர்ச்சீப்பில் முடிவது, சட்டைப் பையில் போடுவது, சொம்புக்குப் பக்கத்தில் வைப்பது எதுவும் வேண்டாம். குளித்து வந்து காதும் காதின் பின்புறமும் நன்றாகக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். பவுடர், சென்ட், தலைச்சாயம் எல்லாம் முடிந்து கடைசியில் மிசின்.

நோம்பி முடிந்த திங்கட்கிழமை "மிசின் செத்துப்போச்சுங்க" என்று கொண்டு வருவார்கள். விளக்கடியில் வைத்துப் பார்த்தால் மைக் துளையில் பவுடரும் சந்தனமும் சேர்ந்து காய்ந்து கெட்டியாகியிருக்கும். காதுக்குள் போகும் முனையில் குண்டூசித் தலையளவு ஒரு வெள்ளை வடிகட்டி உண்டு. அது அழுக்கால் தேன் நிறத்துக்கு மாறி அடைத்திருக்கும். அதோடு வரும் சின்னக் குச்சியின் ஒரு முனையால் பழையதை இழுத்து, மறுமுனையால் புதியதை அழுத்தினால் ஒரு நிமிட வேலை. மிசின் பேச ஆரம்பித்துவிடும். ஊருக்குப் போகும்போது நாலைந்து வடிகட்டியும் ஒரு சின்ன பிரஷ்ஷும் எடுத்துப்போனால் இதை வீட்டிலேயே செய்யலாம். காதின் வடிவத்துக்குச் செய்த அச்சும் டியூபும் உள்ள மிசின் என்றால் டியூபில் நீர் கோத்திருக்கிறதா என்று பாருங்கள். ஊட்டிக் குளிரிலிருந்து சூடான அறைக்குள் வந்தால் அப்படி ஆகும். டியூபை மிசினிலிருந்து கழற்றி, ரப்பர் ஊதும் பந்தால் ஊதினால் போய்விடும்.

தண்ணீரில் விழுந்துவிட்டால் உடனே செல்லை (பேட்டரியை) எடுத்துவிட்டு, மூடியைத் திறந்தபடி துடைத்து, உலர்த்தும் டப்பாவில் ஒரு நாள் வையுங்கள். சார்ஜ் மிசின் என்றால் அணைத்து, நன்றாகக் காயும் வரை சார்ஜில் போடாதீர்கள். ஹேர் டிரையர், அடுப்பு, வெயில் எதுவும் கூடாது. கோயில் திடலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போவதும் கூடாது. அரிசி டப்பாவில் புதைத்து வைப்பது கைவைத்தியம்; அரிசித் தூசி துளைக்குள் போய் வேறு வேலை வைக்கும்.

செல் விசயத்தில் நம்மவர்கள் சிக்கனம் பார்த்துக் கெடுப்பார்கள். பெரும்பாலானவை ஜிங்க்-ஏர் செல். மேலே ஒட்டிய வண்ணத் தாளை உரித்ததும் காற்றுப் பட்டு வேலையைத் தொடங்கும். உரித்து ஓரிரு நிமிடம் வைத்துவிட்டுப் போட்டால் நல்லது. திரும்பத் தாளை ஒட்டி வைத்தாலும் அது தீர்ந்துகொண்டேதான் இருக்கும். தாளின் நிறம்தான் அளவு: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். அம்முச்சி ஊரில் நோம்பி நாளில் மருந்துக்கடை பூட்டியிருக்கும், திறந்திருந்தாலும் உங்கள் அளவு இருக்காது. ஒரு அட்டை கூடுதலாகக் கொண்டுபோங்கள். சில்லறைக் காசோடு பர்ஸில் போடாதீர்கள், உலோகம் உரசினால் வீணாகும். சார்ஜ் மிசின்காரர்கள் சார்ஜரோடு ஒரு பவர் பேங்கும் எடுத்துக்கொள்ளுங்கள். லாட்ஜ் அறையில் சாவி அட்டையை உருவினால் கரண்ட் போய்விடும். சார்ஜில் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய் வந்தால் ஏமாற்றம்தான்.

இந்தச் செல்லால் ஓர் ஆபத்தும் உண்டு. விருந்தாடி வீட்டில் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுவார்கள். மாத்திரை என்று நினைத்துப் பெரியவர்களே விழுங்குவதும் நடக்கிற காரியம். மாத்திரை டப்பா பக்கத்தில் செல்லை வைக்கவே வேண்டாம். விழுங்கியதாகச் சந்தேகம் இருந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், செல் இருந்த அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் அப்படித்தான்.

பயணத்தில் மிசின் தொலைவதற்குப் பெரிய காரணம் ஹெல்மெட். காதின் பின்னால் மாட்டும் மிசினை ஹெல்மெட் கழற்றும்போது அதுவே கழற்றி எறிந்துவிடும், சத்தமில்லாமல். வண்டியை நிறுத்தி இறங்கியதும் இரண்டு காதையும் தொட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். மாஸ்க்கும் மஃப்ளரும் இதே வேலையைச் செய்யும். காரில் வலது காது நன்றாகக் கேட்பவர் இடது பக்க சீட்டிலும், இடது காது நன்றாகக் கேட்பவர் டிரைவருக்குப் பின்னாலும் உட்கார்ந்தால் பேச்சு காதில் விழும். பஸ்ஸில் ஜன்னலோரம் வேண்டாம், காற்று மைக்கில் மோதி இரைச்சலாகும். நம் பக்கத்துத் தனியார் பஸ்களில் பாட்டு ஓடும் சத்தத்துக்கு வால்யூமைக் குறையுங்கள். தனியாகப் போகிறவர் கழற்றிவிடாதீர்கள், இறங்கும் இடம் சொல்வது கேட்காது. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது காது அடைத்துக்கொண்டால் எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள். மிசின் கம்மியாகிவிட்டது என்று வால்யூமைக் கூட்டாதீர்கள். ராத்திரி ரயிலில் தூங்கும்போது கழற்றி டப்பாவில் வைத்து, போனில் வைப்ரேஷன் அலாரம் வைத்துத் தலையணைக்கடியில் வையுங்கள். கோவையிலிருந்து விமானம் ஏறுகிறவர்கள், மிசின் போட்டிருப்பதைப் பாதுகாப்புச் சோதனையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பவர் பேங்க் கைப்பையில் இருக்க வேண்டும்.

பட்டாசு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலைத் தாண்டும் வெடிக்குச் சட்டப்படி அனுமதி இல்லை. அந்த அளவுக்குள் இருக்கும் வெடியே காதுக்கு அதிகம், மந்தமான காதில் மிச்சமிருக்கும் கேள்திறனையும் அது எடுத்துக்கொண்டு போகலாம். வெடிக்கிற நேரத்தில் வீட்டுக்குள் உட்காரட்டும். ஈரோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பறவைகள் மிரளக் கூடாது என்று பட்டாசே வெடிப்பதில்லை. திண்ணையில் இருக்கும் அப்பாருக்காக நாலு சரத்தைத் தெருமுனைக்குத் தள்ளி வைப்பது பெரிய காரியமா?

நோம்பியோ பயணமோ முடிந்து வந்ததும் காதில் வலி, சீழ், அரிப்பு இருந்தால் மிசினைப் போடாமல் காது-மூக்கு-தொண்டை டாக்டரைப் பாருங்கள். ஒரு காது மட்டும் திடீரென்று, ஓரிரு நாளில் மந்தமாகிவிட்டால் செல்லையும் வடிகட்டியையும் மாற்றிப் பாருங்கள். மிசினைக் கழற்றிவிட்டு, போனை அந்தக் காதிலும் இந்தக் காதிலும் வைத்துக் கேளுங்கள். முன்பு கேட்ட காதில் இப்போது கேட்கவில்லை என்றால் அது ரிப்பேர் இல்லை, திடீர் செவித்திறன் இழப்பாக இருக்கலாம். மருந்து எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ, கேள்திறன் திரும்ப அவ்வளவு வாய்ப்பு. "நோம்பி முடியட்டும், திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்று இருக்காமல், அன்றைக்கே போய்விடுங்கள்.