நங்கூர போல்ட்டுக்கு எந்த நட்டு?

பினாங்கில், பிறையில் ஒரு தொழிற்சாலைக் கொட்டகை வேலை. 16 தூண், தூணுக்கு 4 நங்கூர போல்ட்டு, அதாவது தூணைப் பிடித்து நிறுத்தக் கான்கிரீட்டில் புதைக்கும் போல்ட்டு. எல்லாம் எம்24 (24 மி.மீ. விட்டம்), 8.8 கிரேடு (வலிமையின் தரம்), உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தவை. ஒரு நாள் காலை சைட்டுக்குப் போனால், போல்ட்டுகளின் காலடியில் தேங்காய்த் துருவல் போல வெள்ளையாக ஏதோ சிதறிக் கிடக்கிறது.

"நட்டு ஏற மாட்டேங்குது சார். அதான் மரை வெட்டுற டையைப் போட்டு மரையைக் கொஞ்சம் சீவிவிட்டேன்" என்றார் ஃபோர்மன் அண்ணன்.

அவர் சீவியது துருவைத் தடுக்கும் துத்தநாகத்தை. அதுவும் கடற்காற்று அடிக்கும் இடத்தில்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். தவறு ஆர்டரில் இருந்தது. போல்ட்டுக்கு ஒன்று என்று 64 நட்டு வாங்கியிருந்தார்கள். தூணின் அடித்தட்டான பேஸ் பிளேட்டுக்கு அடியில் மட்டம் பார்க்க இன்னொரு நட்டு வேண்டும் என்பதை யாரும் எண்ணவில்லை. குறைந்த 64-ஐ யாரோ பட்டர்வொர்த்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் வாங்கி வந்தார்கள், பூச்சில்லாத சாதாரண கறுப்பு நட்டாக.

அது ஏன் ஏறவில்லை? முக்கி எடுத்த போல்ட்டில் பூச்சு சுமார் 50 மைக்ரான் இருக்கும். மரையின் இரு சரிவிலும் அது படிவதால், மரையின் நடு விட்டம் பூச்சைப்போல நான்கு மடங்கு, அதாவது 0.2 மி.மீ. கூடிவிடும். அதனால் இந்த போல்ட்டுக்கான நட்டில் மரையை வேண்டுமென்றே பெரிதாக வெட்டுவார்கள். முக்கி எடுத்த பிறகு வெட்டுவதால் நட்டின் உள்ளே பூச்சு இருக்காது. போல்ட்டில் உள்ள துத்தநாகமே அதையும் காக்கும்.

மரை பெரிதானால் பிடிப்பு குறையும். அதை ஈடுகட்ட நட்டின் கிரேடைக் கூட்ட வேண்டும். பூச்சில்லாத 8.8 போல்ட்டுக்கு 8 நட்டு போதும். முக்கி எடுத்ததற்கு 10 போடுவதுதான் வழக்கம். அமெரிக்க முறையில் வரைந்த படமாக இருந்தால் ஏ563 டிஎச் அல்லது ஏ194 2எச் என்று இருக்கும். எண் நட்டின் முகத்திலேயே குத்தியிருக்கும். எண்ணே இல்லாத நட்டை நான் தூணுக்குப் போட விடுவதில்லை.

எம்24, 8.8 போல்ட்டு 28 டன்னுக்கு மேல் இழுத்தால்தான் அறும். அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். நட்டின் மரை உரிந்தால் அப்படி இல்லை. முறுக்கும்போதே சத்தமில்லாமல் உரியத் தொடங்கும். வெளியே பார்த்தால் நட்டு சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். அதனால்தான் நட்டு எப்போதும் போல்ட்டைவிட வலுவாக இருக்க வேண்டும் என்கிறோம்.

சரி, சீவிய 12 போல்ட்டை என்ன செய்வது? பெரிய மரை நட்டு அதில் லொடலொடவென்று ஆடும். வெர்னியரில் அளந்தோம், வெளி விட்டம் எதிலும் 23.6 மி.மீ.க்குக் கீழே போகவில்லை, இரும்பு தப்பித்திருந்தது. அந்த 12-க்கு மட்டும் சாதாரண மரை வெட்டிய 10 கிரேடு நட்டு, முறுக்கிய பின் துத்தநாகப் பெயின்ட் இரண்டு கோட். மற்றவற்றுக்குச் சரியான நட்டு வரும்வரை வேலை நின்றது. முதலாளி தவுக்கே முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போதெல்லாம் போல்ட்டையும் நட்டையும் ஒரே இடத்தில் ஜோடியாக வாங்கச் சொல்கிறேன். ஆர்டரில் அளவு, கிரேடு, பூச்சு, பெரிய மரை, போல்ட்டுக்கு இரண்டு நட்டு எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே நட்டை விரலால் சுழற்றிக் கடைசி மரைவரை இறக்கிப் பார்த்துவிட்டு, மரையை டேப்பால் சுற்றிவிட வேண்டும்.

பாயான் லெப்பாஸ் பக்கம் வெளிநாட்டு மெஷினை நிறுத்துபவர்களுக்கு இன்னொன்று. அரை இஞ்சு அமெரிக்க மரையில் இஞ்சுக்கு 13 சுற்று, பழைய பிரிட்டிஷ் மரையில் 12. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு மூன்று சுற்று ஏறி இறுகினால், ஸ்பானரைத் தேடாதீர்கள், மரை அளவியை எடுங்கள்.