ஃபைலில் ஒரே ஒரு பெயர்

குழந்தை இல்லை என்று என் முன்னால் வந்து உட்காரும் தம்பதிகளில் பலர் கையில் தடிமனான ஒரு ஃபைல் இருக்கும். ஸ்கேன், தைராய்டு, புரோலாக்டின், கருக்குழாய் எக்ஸ்ரே, சில சமயம் லேப்ராஸ்கோபி வரைக்கும் அதில் இருக்கும். புரட்டினால் அத்தனை தாளிலும் மனைவியின் பெயர்தான். "உங்கள் ரிப்போர்ட் எங்கே?" என்று கணவரைக் கேட்டால், "எனக்கு ஒன்றும் இல்லையே டாக்டர்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. தாம்பத்தியத்தில் குறை இல்லையென்றால் விந்தணுவிலும் குறை இருக்காது என்று உண்மையாகவே நம்புகிறார். இரண்டும் வேறு வேறு சங்கதி. விந்தில் அணுக்களின் பங்கு மிகக் கொஞ்சம். ஒரு அணுகூட இல்லாவிட்டாலும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

குழந்தையின்மை எத்தனை பேருக்கு வருகிறது? உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி, வயது வந்தவர்களில் சுமார் 17.5 சதவீதம் பேர், அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவர், வாழ்நாளில் எப்போதாவது இந்தப் பிரச்சினையைச் சந்திக்கிறார்கள். பணக்கார நாடு, ஏழை நாடு என்று பெரிய வித்தியாசம் இல்லை.

அதே சமயம், கல்யாணமாகி நான்கு மாதத்தில் பதறி ஓடி வருபவர்களும் உண்டு. எந்தக் குறையும் இல்லாத இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு நூற்றுக்கு இருபது, இருபத்தைந்துதான். ஒரு வருடம் முயன்றால் நூறில் எண்பத்தைந்து தம்பதிகள் வரை கருத்தரித்துவிடுவார்கள். அதற்கும் பிறகுதான் கருவுறாமை என்ற பேச்சே வருகிறது. மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம் போதும். மாதவிலக்கு தாறுமாறாக வந்தாலோ, இருவரில் ஒருவர் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்திருந்தாலோ, கணவருக்குச் சிறுவயதில் விதை இறங்காமல் ஆபரேஷன் நடந்திருந்தாலோ காத்திருக்கவே வேண்டாம்.

'மலடு' என்ற சொல்லை நான் பேச்சில் எடுப்பதில்லை. மலடன் என்ற சொல்லும் தமிழில் இருக்கிறது, ஆனால் யாரும் யாரையும் அப்படித் திட்டிக் கேட்டதில்லை. மலடி என்றுதான் கேட்டிருக்கிறோம். மருத்துவக் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. குழந்தைக்காகத் தவிக்கும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது, தனியாகவோ மனைவியின் குறையோடு சேர்ந்தோ.

ஆண் பக்கக் காரணங்களில் அடிக்கடி பார்ப்பது வேரிகோசீல், விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்திருப்பது. விதைகள் உடலுக்கு வெளியே தொங்குவதற்கே காரணம் உண்டு, உடல் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் அவை சரியாக வேலை செய்யும். ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும். போன மாதம் அடித்த கடும் காய்ச்சல் இந்த மாத விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கெடுத்துவிடலாம். அதனால்தான் ஒரு ரிப்போர்ட் மோசம் என்றதும் தலையில் கை வைக்காமல், இடைவெளி விட்டு மறுபடி எடுக்கச் சொல்கிறோம். புகை, மது, சர்க்கரை, அதிக எடை எல்லாம் தெரிந்த கதை. தெரியாத கதை ஒன்று உண்டு: ஜிம்மில் உடம்பு ஏற்றப் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. ஆண்மைக்கான ஹார்மோன்தானே என்று போடுகிறார்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை விதைகளுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும், எண்ணிக்கை பூஜ்யம் வரை போகும். நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

பெண் பக்கம் முதலில் நிற்பது முட்டை சரியாக வெளிவராதது. பிசிஓஎஸ், தைராய்டு, எடை ஏற்ற இறக்கம் எல்லாம் இதில் அடக்கம். பிசிஓஎஸ்ஸை 'நீர்க்கட்டி' என்று சொல்லிப் பயமுறுத்திவிட்டார்கள். அவை வெட்டி எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல, வளர்ச்சி பாதியில் நின்ற முட்டைப் பைகள். அப்புறம் கருக்குழாய் அடைப்பு. உறவு வழியாகப் பரவி, கவனிக்காமல் விட்ட கிளமிடியா தொற்றோ, கருப்பையைத் தொட்ட காசநோயோ சத்தமில்லாமல் குழாயை மூடிவிடும். மாதவிலக்கு வலி தாங்க முடியாத அளவு இருந்தால் எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளரும் நோய், இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயதைப் பற்றிச் சுற்றி வளைக்க விரும்பவில்லை. முட்டைகள் பிறவியிலேயே வந்த கையிருப்பு, புதிதாக உருவாவதில்லை, 35-க்குப் பிறகு எண்ணிக்கையும் தரமும் வேகமாக இறங்கும்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டு, குழந்தையை இழந்தோ மறுமணம் செய்தோ திரும்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள். குழாயை மீண்டும் இணைக்க முடியும், இல்லையென்றால் ஐவிஎஃப் என்ற சோதனைக் குழாய் முறை. ஆனால் இரண்டுக்கும் உத்தரவாதம் இல்லை. ஆபரேஷனுக்கு முன்பே அதை நிரந்தரம் என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தும் காரணம் தெரியாமல் நிற்கும் தம்பதிகளும் கணிசம். அவர்களில் பலருக்கு இயல்பாகவே கரு தங்குகிறது.

சரி, கணவரிடம் வருகிறேன். உங்களுக்கு வேண்டியது ஊசி இல்லாத, வலி இல்லாத ஒரே ஒரு பரிசோதனை, விந்துப் பரிசோதனை. இரண்டிலிருந்து ஏழு நாள் உறவைத் தவிர்த்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும். லேபில் கூச்சமாக இருந்தால் முன்கூட்டியே கேட்டு டப்பா வாங்கிக்கொண்டு வீட்டிலேயே எடுக்கலாம். சாதாரண ஆணுறையில் எடுக்காதீர்கள், வழவழப்புக்கு எண்ணெய், ஜெல் எதுவும் வேண்டாம், அவை அணுக்களைப் பாதிக்கும். டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து கொடுங்கள்.