இல்லாத மான் கவிழ்த்த கார்

மெர்சிடிஸ் பென்ஸ் காரின் கதவைச் சாத்தும்போது எழும் கனத்த 'தொப்' சத்தத்தை வைத்தே அதன் உறுதியை அளந்துவிடும் ரசிகர்கள் உண்டு. கெட்டியான இரும்பு, கனமான உடம்பு, அதனால் பாதுகாப்பு என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் பாதுகாப்பு விஷயத்தில் அந்த நிறுவனம் சம்பாதித்த பெயருக்கும் கெட்டித்தனத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. காரின் ஒரு பகுதியை வேண்டுமென்றே நொறுங்க விட்டார்கள். ஓட்டுநர் அழுத்திப் பிடித்த பிரேக்கை அவரைக் கேட்காமலே தளர்த்தினார்கள். அவர் பிரேக்கைத் தொடாதபோது ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்தார்கள். இந்தக் கடைசி வித்தை பணக்காரர்களின் காரிலிருந்து இறங்கிச் சின்னக் கார்களுக்கு வந்ததற்குக் காரணம், 1997-ல் ஸ்வீடனில் அவர்களுடைய கார் ஒன்று கேமரா முன்னால் கவிழ்ந்ததுதான்.

பழைய கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டது 1886 ஜனவரி 29 அன்று. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டியை ஓட்டிப் போனார். வழியில் பிரேக் கட்டை தேய்ந்துபோனது. செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் போய் அதன்மேல் தோலை அடித்துத் தரச் சொன்னார். இன்றைக்கு மெக்கானிக் மாற்றிப் போடும் பிரேக் லைனிங்கின் முன்னோடி அதுதான். அப்புறம் 1926-ல் பென்ஸ் நிறுவனமும் டைம்லர் நிறுவனமும் இணைந்தன. மெர்சிடிஸ் பென்ஸ் என்ற பெயர் அப்போது பிறந்தது.

பாதுகாப்புக் கதை தொடங்குவது பேலா பாரென்யியிடம். வியன்னாவுக்குப் பக்கத்தில் பிறந்த இந்தப் பொறியாளர் 1939-ல் நிறுவனத்தில் சேர்ந்தார். கார் எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று எல்லோரும் நினைத்த காலம் அது. பாரென்யி அதைத் தலைகீழாகத் திருப்பினார். ஆட்கள் உட்காரும் நடுப்பகுதி மட்டும் விறைப்பாக இருக்கட்டும், முன்னும் பின்னும் மோதலில் கசங்கட்டும் என்றார்.

கணக்குப் போட்டால் அவர் சொன்னது புரியும். மணிக்கு 50 கி.மீ. வேகம் என்பது நொடிக்குச் சுமார் 14 மீட்டர். கார் சுவரில் மோதி 10 செ.மீ. தூரத்துக்குள் நின்றால், உள்ளே இருப்பவர் உடலில் சராசரியாகப் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 100 மடங்கு விசை பாயும். அதே கார் முன்பக்கம் அரை மீட்டர் கசங்கி நின்றால் அது 20 மடங்காகக் குறைகிறது. முதலாவதில் பிழைப்பது கடினம், இரண்டாவதில் பெல்ட் போட்டிருந்தால் பெரும்பாலும் தப்பலாம். இதற்கான காப்புரிமை 1952-ல் கிடைத்தது. 1959-ல் வந்த, பின்பக்கம் சின்னத் துடுப்புகள் வைத்த செடான் காரில் இது முதல் முறையாக முழுமையாக இடம்பிடித்தது. நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அதே 1959-ல் மூன்று முனை சீட் பெல்ட்டைக் கொண்டுவந்தது ஸ்வீடனின் வோல்வோ. பெல்ட் இல்லாவிட்டால் கார் எவ்வளவு கசங்கியும் பயனில்லை, உள்ளே இருப்பவர் பழைய வேகத்திலேயே போய் ஸ்டியரிங்கில் மோதுவார்.

மோதினால் என்ன ஆகும் என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. மோதாமல் இருக்க என்ன வழி?

இங்கே டயரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஒன்றரை டன் கார் சாலையைத் தொடுவது நான்கு இடங்களில் மட்டும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. முடுக்குவது, நிறுத்துவது, திருப்புவது எல்லாமே இந்த நாலு உள்ளங்கைப் பிடிமானத்தில்தான் நடக்கிறது. அந்தப் பிடிமானத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஒரே சம்பளத்தில் வாடகையும் கட்டி மளிகையும் வாங்குவது போலத்தான்: பிரேக்குக்கு அதிகம் செலவழித்தால் திருப்புவதற்கு மிஞ்சுவது குறையும். பிரேக்கை முழுக்க மிதித்துச் சக்கரம் சுழலாமல் லாக் ஆகிவிட்டால் திருப்புவதற்கு ஒன்றுமே மிஞ்சாது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் கார் நேராகவே சறுக்கிப் போகும்.

இதைத் தடுக்கத்தான் ஏபிஎஸ். ஒவ்வொரு சக்கரத்தின் சுழற்சியையும் சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு சக்கரம் மற்றவற்றைவிடத் திடீரென மெதுவானால் அது லாக் ஆகப் போகிறது என்று அர்த்தம். உடனே வால்வு அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தைத் தளர்த்தும், சக்கரம் மறுபடி சுழன்றதும் அழுத்தம் ஏறும். நொடிக்குப் பல தடவை இது நடப்பதால்தான் காலுக்கடியில் பெடல் படபடவென்று உதறுகிறது. மெர்சிடிஸ் இதை 1970-லேயே காட்டியது. ஆனால் அன்றைய மின்னணுச் சாதனங்கள் அதற்குத் தாங்கவில்லை. கார் பாகங்கள் செய்யும் பாஷ் நிறுவனத்தின் டிஜிட்டல் கட்டுப்பாட்டுடன், விலை உயர்ந்த எஸ்-கிளாஸ் காரில் விற்பனைக்கு வந்தபோது 1978 ஆகிவிட்டது.

ஏபிஎஸ்ஸுக்கு ஒரு குறை. ஓட்டுநர் பிரேக் மிதித்தால்தான் அதற்கு வேலை. வளைவில் பிரேக்கே போடாமல் வண்டி வழுக்கினால் அது சும்மா இருக்கும். 1980-களின் கடைசியில் ஸ்வீடனில் குளிர்காலச் சோதனையின்போது, பனியில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கிய காரில் உட்கார்ந்து இழுவை வண்டிக்குக் காத்திருந்த ஓர் இளம் பொறியாளருக்கு அடுத்த யோசனை வந்தது என்று நிறுவனம் சொல்கிறது. கம்பெனிகள் சொல்லும் இந்த மாதிரிக் கதைகளைக் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். எப்படியானாலும், மெர்சிடிஸும் பாஷும் சேர்ந்து 1995-ல் எஸ் 600 கூப்பே காரில் கொண்டுவந்தது இஎஸ்பி, அதாவது கார் வழுக்கித் தடம் மாறாமல் பார்த்துக்கொள்ளும் மின்னணு அமைப்பு. பாஷில் இதற்கான குழுவை நடத்தியவர் ஆன்டன் வான் சான்டன். 2016-ல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான கண்டுபிடிப்பாளர் விருது கொடுத்தது.

இஎஸ்பி கேட்பது ஒரே கேள்விதான்: ஓட்டுநர் போக நினைக்கும் திசையும் கார் போகும் திசையும் ஒன்றா? முதல் பாதிக்கு விடை சொல்வது ஸ்டியரிங் கோண சென்சார். இந்த வேகத்தில் ஸ்டியரிங் இவ்வளவு திரும்பினால் கார் எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்று கணினி கணக்குப் போடும். இரண்டாம் பாதிக்கு ஒரு கைரோ சென்சார். உள்ளே ஒரு சிறு உலோகப் பாகம் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். கார் சுழலும்போது அந்த அதிர்வு தன் பழைய திசையிலிருந்து பக்கவாட்டில் விலகும். விலகல் எவ்வளவோ அந்த அளவுக்குச் சுழற்சி. விண்வெளித் துறையில் பயன்பட்ட விலை உயர்ந்த இந்தச் சாதனத்தைக் கார் விலைக்குள் அடக்கியதுதான் பெரிய சாதனை. பிறகு அது சிலிக்கான் சில்லுக்குள்ளேயே அடங்கிவிட்டது. நொடிக்கு 25 தடவை இரண்டு எண்களும் ஒப்பிடப்படுகின்றன.

இடப்பக்க வளைவில் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கார் போதிய அளவு திரும்பாமல் மூக்கை வெளியே இழுத்துக்கொண்டு போனால், இஎஸ்பி பின்பக்க இடது சக்கரத்தை மட்டும் பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் இழுபடுவதால் கார் அந்தப் பக்கமாகத் திரும்பும். மாறாக, பின்பக்கம் வீசிக் கார் அளவுக்கு மீறிச் சுழன்றால், முன்பக்க வலது சக்கரத்தைப் பிடிக்கும். அது சுழற்சிக்கு எதிராக இழுக்கும். கூடவே எஞ்சினின் வேகத்தையும் குறைக்கும். எவ்வளவு கெட்டிக்கார ஓட்டுநராலும் இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் அவருக்கு இருப்பது ஒரே ஒரு பிரேக் பெடல்.

சரி, இப்போது அந்தக் கவிழ்ந்த காருக்கு வருவோம்.

1997-ல் மெர்சிடிஸ் முதன்முதலாக ஒரு சின்னக் காரைக் கொண்டுவந்தது: ஏ-கிளாஸ். நீளம் 3.6 மீட்டருக்கும் குறைவு. இவ்வளவு குட்டையான மூக்கில் பாரென்யி கேட்ட கசங்கும் இடத்துக்கு எங்கே போவது? பொறியாளர்கள் அழகான ஒரு விடை கண்டுபிடித்தார்கள். தரையை இரண்டு அடுக்காகப் போட்டு, எஞ்சினைச் சாய்வாக வைத்து, நேர் மோதலில் அது ஆட்களின் காலை நசுக்காமல் தரைக்கு அடியில் சறுக்கிப் போகும்படி செய்தார்கள். பெரிய காரின் பாதுகாப்பு சின்னக் காரில் கிடைத்தது. ஆனால் இரண்டு தரை போட்டால் இருக்கை உயரும். மற்றக் கார்களைவிட ஆட்கள் சுமார் 20 செ.மீ. உயரத்தில் உட்கார்ந்தார்கள். மோதலில் காப்பாற்றும் அதே அமைப்பு காரின் எடை மையத்தை மேலே தூக்கிவிட்டது.

ஒரு கார் சறுக்குமா, கவிழுமா என்பதை ஒரு சின்ன வகுத்தல் கணக்கு ஓரளவு சொல்லிவிடும். இடது, வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை எடை மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். அகலம் 150 செ.மீ., உயரம் 55 என்றால் விடை ஏறக்குறைய 1.36. உயரம் 65 ஆனால் 1.15. காய்ந்த சாலையில் டயரின் பிடிமானம், அதன்மேல் இருக்கும் எடையோடு ஒப்பிட்டால், பொதுவாக 1-ஐ ஒட்டி இருக்கும். வகுத்து வந்த எண் அதைவிடப் பெரிதாக இருக்கும்வரை, டயர் முதலில் வழுக்கும், கார் கவிழாது. இரண்டும் நெருங்கினால் ஆபத்து. அதுவும் இது ஸ்பிரிங் ஆடாத, விறைப்பான காருக்கான கணக்கு. ஸ்பிரிங்கின்மேல் ஆடும் நிஜக் காருக்கு எல்லை இன்னும் கீழே.

ஸ்வீடனின் 'டெக்னிகென்ஸ் வேர்ல்ட்' என்ற கார் பத்திரிகை 1997 அக்டோபர் 21 அன்று நடத்திய சோதனை அந்த ஆட்டத்தைத்தான் சீண்டியது. அங்கே காட்டுச் சாலைகளில் மூஸ் மான் குறுக்கே வருவது சகஜம், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் மோதல்கள் நடக்கின்றன. நீண்ட கால்களின்மேல் நானூறு, ஐந்நூறு கிலோ உடம்பு. பம்பர் காலை மட்டும் தட்டிவிட, உடம்பு நேராகக் கண்ணாடி வழியே உள்ளே வந்துவிடும். அங்கே வண்டிகள் ஓடுவது சாலையின் வலப்பக்கம். அதனால் மானைத் தவிர்க்க இடப்பக்கம் ஒடித்து, எதிர்வண்டி வருவதற்குள் வலப்பக்கம் ஒடித்துத் தன் பாதைக்குத் திரும்புவது அங்கே எல்லோருக்கும் தெரிந்த அவசரம். சோதனையில் மான் கிடையாது, கூம்புகள் மட்டும்தான்.

முதல் திருப்பம் பெரிதாக ஒன்றும் செய்யாது. கார் வலப்பக்கம் சாய்ந்து, அந்தப் பக்க ஸ்பிரிங் அமுங்கும். இரண்டாவது ஒடிப்பில்தான் வினை. அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டு உடம்பை இடப்பக்கம் தள்ளுகிறது, அதே நேரத்தில் வலப்பக்கத் திருப்பமும் உடம்பை இடப்பக்கமே வீசுகிறது. இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. மணிக்குச் சுமார் 60 கி.மீ. வேகத்தில் ஏ-கிளாஸின் வலப்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழுந்தன. கார் உருண்டது.

நிறுவனம் நடந்துகொண்ட விதம் நன்றாக இல்லை. முதலில் சோதனையையே குறை சொன்னது, பிறகு டயரைக் கை காட்டியது. நூறு ஆண்டுப் பெருமை இருக்கும் இடத்தில் இந்தத் திமிர் எதிர்பார்க்கக்கூடியதுதான். ஜெர்மனி முழுக்கக் கேலி கிளம்பியது. அக்டோபர் முடிவதற்குள் ஏ-கிளாஸ் எல்லாவற்றிலும் இஎஸ்பி கட்டாயம் வரும் என்று அறிவித்தார்கள். நவம்பரில் விற்பனையை ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு நிறுத்தி, விற்ற கார்களையும் திரும்ப அழைத்தார்கள். காரை உருவாக்க ஆன செலவு சுமார் 250 கோடி மார்க் (ஜெர்மனியின் அன்றைய நாணயம்), சரிசெய்ய மேலும் 30 கோடி மார்க்.

ஸ்பிரிங்கை இறுக்கி, காரைத் தாழ்த்தி, டயரை மாற்றினார்கள். ஆனால் கவிழ்வதைத் தடுப்பதில் இஎஸ்பி செய்யும் வேலை கொஞ்சம் விசித்திரமானது. இரண்டாவது ஒடிப்பில் அது வெளிப்பக்க முன் சக்கரத்தைப் பிடிக்கிறது. அந்த டயரின் பிடிமானம் பிரேக்குக்குச் செலவாகிவிடுவதால், பக்கவாட்டுப் பிடி குறைகிறது. காரைக் கவிழ்ப்பதே அந்தப் பிடிதான். பிடி தளர்ந்ததும் கார் கவிழாமல் முன்னோக்கி வழுக்குகிறது. பிடிமானத்தைக் குறைத்துத்தான் காப்பாற்றுகிறது.

அதுவரை விலை உயர்ந்த கார் வாங்குபவருக்கே கிடைத்த சாதனம், மெர்சிடிஸின் மிக மலிவான காரில் இலவசமாக வந்துவிட்டது. 1999-ல் தன் எல்லாப் பயணிகள் கார்களிலும் நிறுவனம் அதை வழக்கமாக்கியது. போட்டி நிறுவனங்களால் சும்மா இருக்க முடியவில்லை. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2007-ல் போட்ட மதிப்பீட்டின்படி, வேறு வண்டி சம்பந்தப்படாத விபத்துகளை இது சாதாரணக் கார்களில் 34 சதவீதமும் எஸ்யூவிகளில் 59 சதவீதமும் குறைக்கும். எஸ்யூவியில் ஏன் அதிகம் என்பதை மேலே போட்ட வகுத்தல் கணக்கு சொல்லும். அமெரிக்காவில் 2012 மாடல் கார்களிலிருந்தும், ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் இது கட்டாயம். ஏ-கிளாஸின் அந்த முதல் தலைமுறைக் கார் 2004 வரை பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

இஎஸ்பி உள்ள கார் ஓட்டுபவர்கள் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கைக் கவனித்திருப்பார்கள்: கார் படமும் அதன் கீழே நெளிந்த இரண்டு கோடுகளும். வளைவில் அது மினுக்கினால் சாதனம் அந்த நொடியில் வேலை செய்கிறது, அதாவது டயரின் சம்பளம் தீர்ந்துவிட்டது, வேகத்தைக் குறையுங்கள் என்று பொருள். மினுக்காமல் எரிந்துகொண்டே இருந்தால் சாதனம் வேலை செய்யவில்லை. பட்டனை யாராவது அணைத்திருக்கலாம், அல்லது சக்கர சென்சாரில் கோளாறு இருக்கலாம். கார் ஓடும், பிரேக்கும் பிடிக்கும் என்பதால் பலர் அதை மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் அதைப் பார்த்துவிடுங்கள்.