ஆறு நகர்ந்ததா, பூமியின் கணக்கு நகர்ந்ததா?

சிங்கப்பூரின் காலாங் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பழைய நில அளவை வரைபடத்தைக் கைபேசி வரைபடத்தின்மேல் பொருத்திப் பார்த்த வாசகர் ஒருவர், "ஆறு இவ்வளவு கிழக்கே இருந்ததா?" என்று கேட்கிறார்.

காலாங் ஆற்றை மாற்றியது உண்மை. பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாய், 2012இல் 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறானது. ஆனாலும் முதலில் புக்கிட் தீமா உச்சியைப் பாருங்கள். குன்று நகராது. அதுவும் கிழக்கே ஏறத்தாழ 190 மீட்டர் தள்ளி நின்றால் ஆற்றின்மேல் பழியில்லை.

தீர்க்கரேகை எண்கள் கற்பனையான ஒரு நீள்கோளத்தின்மேல், அதாவது பூமியின் வடிவத்துக்கு ஈடாக வைத்துக்கொள்ளும் சற்றே தட்டையான கோளத்தின்மேல், எழுதப்படுபவை. மலாயா, சிங்கப்பூரின் கெர்தாவ் அளவை முறைக்கு அடிப்படை எவரெஸ்ட் 1830 நீள்கோளம். அதன் வேர் சென்னைப் பரங்கிமலையில் இருக்கிறது. 1802இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் அங்கே அளந்த அடிக்கோட்டிலிருந்து வளர்ந்த இந்திய முக்கோண அளவையை வைத்தே ஜார்ஜ் எவரெஸ்ட் பூமியைக் கணித்தார். ஜிபிஎஸ் பயன்படுத்தும் கோளத்தைவிட இதன் ஆரம் சுமார் 830 மீட்டர் குறைவு.

சிறிய பந்து பெரிய பந்தின் நடுவில் இருந்தால் நம் தரையைத் தொடாது. ஆகவே அதன் மையம் ஏறத்தாழ 850 மீட்டர், கிழக்கு 90 டிகிரி தீர்க்கரேகையின் பக்கமாக நகர்ந்து நிற்கிறது. நாமோ 104 டிகிரிக்கு அருகில், 14 டிகிரி பக்கவாட்டில் இருக்கிறோம். நகர்த்தியதில் பெரும்பகுதி ஆரக் குறைவை ஈடுகட்டிவிடுகிறது. மிச்சம் பக்கவாட்டில் விழுகிறது. அதுதான் அந்த 190 மீட்டர். என்ன அழகான கணக்கு!

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் தாளின் ஆயத்தொலைகளுக்குக் கெர்தாவ் முறையைத் (மென்பொருள் பட்டியலில் அதன் குறியெண் ஈபிஎஸ்ஜி 4245) தேர்ந்தெடுத்தால் இது சரியாகும். பிறகு தாளிலும் இன்றைய வரைபடத்திலும் அடையாளம் காணக்கூடிய 6 புள்ளிகளையாவது தாள் முழுக்கப் பரவலாகக் குறியுங்கள். முக்கோண அளவைக் கற்கள், பழைய சாலைச் சந்திப்புகள் நல்லவை. ஆற்று வளைவும் கடற்கரையும் கூடாது. கடற்கரையை மண் நிரப்பி எங்கோ கொண்டுபோய்விட்டோம். 1:25,000 அளவுத் தாளில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். ஈரப்பதத்தில் தாள் 4 மில்லிமீட்டர் நீண்டாலே 100 மீட்டர் பிழை. அப்போது விலகல் இடத்துக்கு இடம் மாறும். 'தின் பிளேட் ஸ்பிளைன்' முறை எல்லாப் புள்ளிகளையும் இழுத்துப் பொருத்திப் பிழையை மறைத்துவிடும். முதலில் நேரியல் முறையில் எச்சப்பிழையை, அதாவது பொருத்திய பிறகும் ஒவ்வொரு புள்ளியிலும் மிஞ்சும் விலகலை, பாருங்கள்.

அளவை முறை பெரும்பாலும் தாளின் விளிம்பில்தான் அச்சாகியிருக்கும். விளிம்பை வெட்டிவிட்டு ஸ்கேன் செய்வது பெரும் இழப்பு. முழுத்தாளையும் பதிவுசெய்யக் காப்பகங்களுக்குப் பணம் ஒதுக்கியே ஆகவேண்டும்.

குன்றும் சந்திப்புகளும் சரியாக உட்கார்ந்த பிறகும் ஆறு மட்டும் விலகி நின்றால், அந்த இடத்தில் பெரும்பாலும் வெட்டித் திருப்பியிருப்பார்கள்.